கயிறு கட்டி வந்த எஞ்சின்

"கயிறு நீங்க கட்டுனதாக்கா?"

சுற்றுச்சாலை சர்வீஸ் ஷெட்டில் மெக்கானிக் சிவபாண்டி செல்லக்கிளியிடம் அன்று கேட்ட கேள்வி இது. லாரியின் கேபின் முன்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதற்கடியில், அப்போதுதான் இறக்கி மாட்டிய எஞ்சின். அதன் டீசல் குழாயில் ஒரு கறுப்புக் கயிறு, ஏழு முடிச்சுப் போட்டு. சிவபாண்டி கட்டிங் பிளேயரைக் கயிற்றருகே பிடித்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தான்.

அவள் புருஷன் சுருளி காலையில்தான் பாண்டி கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தான். அங்கே வாங்கிக் கட்டியிருப்பான் என்று நினைத்தாள். கையில் ஆரத்தித் தட்டு தளும்பிக்கொண்டிருந்தது.

"ஆமாப்பா. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

சிவபாண்டி பிளேயரைப் பையில் போட்டுக்கொண்டான்.

சுருளிக்கு இருந்தது ஒரே லாரி. அவனே முதலாளி, அவனே டிரைவர். இரண்டு மாதத்துக்கு முன் லாரிக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அவன் லாரி வாங்கிய வருஷத்து வண்டிகளில் எஞ்சினுக்குள் பேரிங் தேய்ந்து இரும்புத்தூள் ஆயிலில் கலக்கிறதாம். ஓடும்போதே எஞ்சின் நின்றுபோகலாமாம். வண்டியைக் கொண்டுவந்தால் மாற்றித் தருவார்களாம். அதைப் படித்த நாளிலிருந்து லாரிக்காரர்களுக்கு நிம்மதி போய்விட்டது. நடுரோட்டில் நின்ற ஏதாவதொரு வண்டியின் படம் தினமும் வாட்ஸப்பில் வந்தது. சுருளி பாட்டுப் போடுவதை விட்டுவிட்டான். எஞ்சின் சத்தத்துக்கே காதைக் கொடுத்து ஓட்டினான்.

ஷெட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அன்று பத்துப் பதினைந்து பேர் காத்துக் கிடந்தார்கள்.

"மாப்ள, ஒனக்கும் லெட்டரு வந்துருச்சா?"

"வந்துச்சுண்ணே. எம் பொண்டாட்டிகூட எனக்கு இம்புட்டுப் பெரிய லெட்டரு எழுதுனதில்ல."

"எஞ்சினு புதுசாம்ல?"

"எந்தக் காயலாங்கடையில எடுத்த புதுசோ!"

சிரித்தார்கள். ஆனால் ஒவ்வொருவன் கண்ணும் ஷெட்டுக்குள் தன் வண்டி மேலேயே இருந்தது.

புது எஞ்சின் வர ஆறு மாதம் ஆகும், சரிபண்ணி வைத்த எஞ்சின் என்றால் உடனே மாட்டலாம் என்று ஷெட்டில் சொன்னார்கள். வண்டி நின்றால் அடுப்பும் நின்றுவிடும். சுருளி கையெழுத்துப் போட்டுவிட்டான். செல்லக்கிளி எஞ்சினைத் தொட்டுப் பார்த்தாள். பெயிண்ட் விரலில் ஒட்டியது.

"பழசு மேல பூசுனாப்ல இருக்கேங்க?"

"ஒனக்குச் சோத்துல உப்பு இருந்தாலும் சந்தேகம், இல்லாட்டியும் சந்தேகம்" என்றான் சுருளி.

எஞ்சின் மாற்றினால் வீட்டுப் பெண்தான் ஆரத்தி சுற்றி அதை வண்டிக்குள் அழைக்க வேண்டும். சுருளியின் அப்பா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்து வழக்கம் அது. புது மருமகளை அழைப்பது மாதிரி. வேலை முடிந்து கேபினை இறக்கியபோது மணி பன்னிரண்டு. உச்சிவெயிலில் மரத்தின் நிழல்கூட அடிமரத்தோடு ஒடுங்கிவிட்டிருந்தது. அவள் தட்டை மூன்று முறை சுற்றினாள். குனிந்து கேபினுக்கு அடியிலிருந்த இருட்டைப் பார்த்து, சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"உள்ள வா. இனிமே இதுதான் ஒன் வீடு."

சுருளி சாவியைப் பாதிகூடத் திருப்பவில்லை. எஞ்சின் ஓடத் தொடங்கியது.

மரத்தடியில் கைதட்டினார்கள்.

கீழக்குயில்குடி போகிற வழியில், சமணமலை தெரிகிற மாதிரி அவர்கள் வீடு. வாசலை ஒட்டிய பொட்டலில்தான் லாரி நிற்கும். மறுநாள் காலை லாரிக் கதவைத் திறந்து ஏறிய சுருளி உடனே கீழே இறங்கிவிட்டான்.

"யாருடி வண்டியில ஏறுனது?"

டிரைவர் சீட் கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. சுருளி குட்டையான ஆள். அவன் சீட் எப்போதும் முன்னால் ஒட்டித்தான் இருக்கும். சாவியோ ராத்திரி முழுக்க வீட்டுக்குள் சாமிபடத்து ஆணியில்தான் தொங்கியது. சுருளி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டான். கேபினுக்குள் புகையிலை வாடை. சுருளிக்குப் புகையிலை பழக்கம் கிடையாது.

அதற்கடுத்த நாளும் சீட் பின்னால் போயிருந்தது.

லோடு இல்லாமல் வண்டி இரண்டு நாளாக நின்றது. மூன்றாம் நாள் உச்சிவேளை. செல்லக்கிளி லாரிக்குப் பின்னால் சாக்கு விரித்து மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ரோட்டில் ஆள் நடமாட்டமில்லை. காக்கைகூடக் கத்தவில்லை.

டொக். டொக். டொக்.

கேபினுக்கு அடியிலிருந்து வந்தது.

"சூடு ஆறுனா இரும்பு சத்தம் போடும் புள்ள. இது ஒரு அதிசயமா?" என்று வாசல் வேப்பமரத்தடியில் கட்டிலில் கிடந்தபடியே சுருளி சொன்னான்.

இரண்டு நாளாக ஓடாத எஞ்சினுக்கு எங்கிருந்து சூடு வரும்? முன்சக்கரத்தின் மேலாகக் கையை விட்டு எஞ்சினைத் தொட்டாள். வெயில் படாத இடம். ஆனாலும் சுட்டது. காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்ட மாதிரி ஒரு சூடு.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் அதே நேரம், வீட்டு வாசல் கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு.

திறந்தாள். யாருமில்லை.

புகையிலை வாடை மட்டும் அவளை உரசிக்கொண்டு வீட்டுக்குள் போனது.

அன்று சாயங்காலம் புதன்கிழமைக்குக் குமுளி லோடு கிடைத்துவிட்டதென்று சொல்லிக்கொண்டே வந்த சுருளி, வண்டிக் கதவை இடது கையால் மூன்று முறை தட்டிவிட்டு ஏறினான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் அப்படித் தட்டி அவள் பார்த்ததில்லை.

"ஏங்க, அந்தக் கயித்தப் பாண்டி கோயில்லயா வாங்குனீங்க?"

"எந்தக் கயிறு?"

"எஞ்சின்ல கட்டியிருக்கே, கறுப்புக் கயிறு."

"நீதான கட்டுன? நான் பாத்துட்டு, பரவால்லயே, எம் பொண்டாட்டிக்கும் வண்டி மேல அக்கறை வந்துருச்சேன்னு நெனச்சேன்."

அவள் திரும்பி லாரியின் அடியைப் பார்த்தாள்.

புதன்கிழமை விடிந்ததும் ஆரப்பாளையம் போய், அங்கிருந்து பஸ் மாறி ஷெட்டுக்குப் போனாள். சிவபாண்டி அவளைக் கண்டதும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, டயர் அடுக்கியிருந்த மூலைக்குக் கூட்டிப்போனான். பகலிலும் அங்கே வெளிச்சமில்லை. ரப்பர் நாற்றம் மூச்சை அடைத்தது.

"மெதுவாப் பேசுங்கக்கா."

"அது யாரு வண்டி எஞ்சினு?"

அவன் துணியில் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"இதே மாடல் வண்டிதாங்கக்கா. குமுளி மலை ஏத்தத்துல எஞ்சின் நின்னுபோச்சு. டிரைவரு எறங்கி, சக்கரத்துக்கு அண்டக்கல்லு வைக்கப் போயிருக்காரு. வண்டி பின்னால உருண்டு அவரு மேலயே ஏறிருச்சு."

"ஆளு எப்படி இருப்பாரு?"

"நல்ல நெட்டையாம். எடதுகைக்காரரு. கதவ மூணு தட்டு தட்டிட்டுத்தான் ஏறுவாராம். முந்தாநாத்து அவரு சம்சாரம் இங்கன தேடிக்கிட்டு வந்துச்சு. சண்டை போட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லாமப் போனாராம். எங்க போனாலும் வீடு வந்து சேரணும்னு அந்தம்மா கட்டிவிட்ட கயிறாம் அது. அதையாச்சும் குடுங்கப்பான்னு அழுதுச்சு."

செல்லக்கிளிக்கு ஆரத்தி ஞாபகம் வந்தது. இதுதான் ஒன் வீடு. அவள் வாயால் சொன்னது.

"அன்னைக்கே வெட்டியிருக்கலாமேப்பா!"

"நீங்கதானக்கா கட்டுனதுன்னு சொன்னீங்க?" அவன் குரல் இன்னும் இறங்கியது. "எஞ்சின் சரிபண்ணுன எடத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடியே அந்தக் கயித்த அறுத்து எறிஞ்சுட்டோம்னு சத்தியம் பண்றாங்க."

அவளுக்கு அந்தக் கயிறு கண் முன்னால் வந்தது. எஞ்சின் முழுக்கப் பெயிண்ட். கயிற்றில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

அவள் வீடு வந்து சேர்ந்தபோது மறுபடியும் உச்சிவேளை. சுருளி வேப்பமரத்தடிக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். சாயங்காலத்துக்குள் லோடு ஏற்றி, ராத்திரிக்குள் மலை ஏற வேண்டிய வண்டி. அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு, முன்சக்கரத்தின் மேலாகக் கையை விட்டாள். உள்ளே கும்மிருட்டு. விரலில் கயிறு தட்டுப்பட்டது. ஈரமாக இருந்தது. துடித்தது, நாடி மாதிரி.

அறுத்தாள்.

உள்ளே யாரோ மூச்சை இழுத்துப் பிடித்த சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. புகையிலை வாடையும் போய்விட்டது.

மலையடிவாரத்துத் தாமரைக் குளத்துக்கு ஓடினாள். கயிற்றைக் கல்லில் சுற்றி ஓங்கி எறிந்தாள். இலைகள் விலகின, மூடிக்கொண்டன. திரும்பி நடக்கும்போது, புருஷனை எப்படியாவது மடக்கிவிடலாம், வண்டியைத் திருப்பிக் கொடுத்து ஆறு மாதம் ஆனாலும் புது எஞ்சினுக்கே காத்திருக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள்.

வீட்டை நெருங்கும்போதே எஞ்சின் சத்தம் கேட்டது.

சுருளி வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். கேபினில் ஆளில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, இன்னைக்குப் போக வேணாம். நான் சொல்றதக் கேளுங்க."

அவன் திரும்பிப் பார்த்தான். ரோட்டோரம் நிற்கிற யாரோ ஒருத்தியைப் பார்க்கிற பார்வை.

அவன் இடது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. ஏழு முடிச்சு.

அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு முடிச்சில் பச்சைப்பாசி ஒட்டியிருந்தது.

அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். அவன் அந்தக் கையைப் பூச்சியைத் தட்டிவிடுகிற மாதிரி விலக்கினான். இடது கையால் கதவைத் தட்டினான்.

டொக். டொக். டொக்.

ஏறி உட்கார்ந்தான். சீட் கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. அவன் அதை முன்னால் இழுக்கவில்லை. இழுக்காமலே அவன் கால் கிளட்சை எட்டியது.

லாரிக்காரன் வீட்டில் 'போறேன்' என்று சொல்ல மாட்டார்கள். சுருளி வாசலில் இறங்கும்போதெல்லாம் "வாரேன் கிளி" என்பான். அவள் "வாங்க" என்பாள். அதைக் கேட்காமல் அவன் கியர் போட்டதே கிடையாது.

"வாரேன்னு சொல்லுங்க" என்று அவள் கத்தினாள். ஓடும் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். "ஏங்க, ஒரே ஒரு வார்த்தை. வாரேன்னு சொல்லிட்டுப் போங்க!"

அவன் ரோட்டையே பார்த்தபடி ஸ்டியரிங்கை வளைத்தான். லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு மேற்கே திரும்பியது.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.