இரண்டாம் சாவி

கதவைத் திறந்ததும் ஓட்டுநர் இருக்கை லேசாக முனகிக்கொண்டு முன்னால் நகர்ந்தது. நகர்ந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. விலை கூடின கார்களில், வருகிற ஆளின் கால் எவ்வளவு நீளம், முதுகுக்கு எந்தச் சாய்வு வேண்டும் என்பதையெல்லாம் சாவியே இருக்கைக்குச் சொல்லிவிடும். சாவிக்கு ஒரு ஆள் என்று கணக்கு. ஆனால் இந்த இருக்கை நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தது. ஸ்டீயரிங்கை இடிக்கிற அளவுக்கு வந்து, மேலே உயர்ந்து, முதுகுப்பலகையை நெட்டுக்குத்தாக நிமிர்த்திக்கொண்ட பிறகுதான் ஓய்ந்தது. இப்படி உட்கார்ந்து எந்த மனிதன் வண்டி ஓட்டுவான் என்று கதவைப் பிடித்தபடியே புலவர் யோசித்தார்.

புலவர் என்றதும் பாட்டு எழுதுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய சொகுசுக் கார்களை வாங்கி விற்கிற கடையில், வண்டிக்கு ஒரு பக்கம் வீதம் எழுதிக் கொடுப்பது அவர் வேலை. எஞ்சின் எப்படி, இருக்கை எப்படி, டிக்கியில் எத்தனை பெட்டி அடங்கும் என்று வாங்க வருகிறவர் கேட்பதற்கு முன்பே பதில் சொல்கிற பக்கம். ஓட்டை வண்டியைக்கூட ஓவியமாக்கிவிடுகிறார் என்று மெக்கானிக் கிண்டலாக வைத்த பெயர், சொந்தப் பெயரை விழுங்கிவிட்டு நிலைத்துவிட்டது.

கடையில் இரண்டு விதிகள் உண்டு. எழுதுவதற்கு முன் வண்டியை ஒரு நாளாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால், பழைய சொந்தக்காரர் விட்டுப்போனதையெல்லாம் வண்டியிலிருந்து துடைத்துவிட வேண்டும். அவருடைய ஃபோன் பட்டியல், வரைபடத்தில் இருக்கிற வீட்டு முகவரி, கடைசியாக இருக்கையின் நினைவு. ஒவ்வொன்றையும் துடைத்துவிட்டு, அச்சடித்த தாளில் அதற்கான கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். இருக்கை நினைவை மட்டும் யாரும் துடைப்பதில்லை. ஒவ்வொரு சாவியாகக் கொண்டுவந்து, கதவை மூடித் திறந்து, கால் மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும். புதிதாக வாங்குகிறவர் உட்கார்ந்ததும் தன் வசதிக்கு மாற்றிக்கொள்ளத்தானே போகிறார்? அதனால் எல்லாரும் டிக் போட்டுவிடுவார்கள். புலவரும் போட்டிருந்தார்.

முதல் சாவி பேட்டரி தீர்ந்துபோய் மெக்கானிக்கிடம் கிடந்தது. அதனால் இரண்டாம் சாவியை எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே ஜன்னலில் குனிந்தார்.

"புலவரே, பின்னாடி ஒரு பக்கம் மட்டும் தரைவிரிப்பு புதுசா இருக்கு, பாத்தீங்களா? ஏன்னு கேக்கலாம்னா வித்தவர் ஃபோனையே எடுக்க மாட்டேங்கறார்."

எதையாவது கொட்டியிருப்பார்கள் என்று புலவர் சொல்லிவிட்டார். அவருக்கு அவசரம். நாளைக் காலை பத்து மணிக்கு வண்டியைப் பார்க்க ஆள் வருகிறது. நான்கு மணிக்குத் தன் பெண் பாப்பாவைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டும். மழை வேறு பிடித்துக்கொண்டது.

இருக்கையைத் தன் உயரத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு கிளம்பினார். டீசல் என்றாலே மாவு மெஷின் மாதிரி கடகடக்கும் என்று பயப்படுகிறவர்களை இந்த வண்டியில் ஒரு முறை உட்கார வைக்க வேண்டும். இரண்டு லிட்டர் எஞ்சின் எங்கோ பக்கத்து வீட்டில் ஓடுவதுபோலக் கேட்டது. கியர்கள் மாறுவதே தெரியவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் சின்ன வண்டி, நெருக்கமான தெருவில்கூட வளைத்துத் திருப்பிவிடலாம். உள்ளேயோ தாராளமான இடம். கண்ணாடியில் மழை சாட்டையடியாக விழுந்துகொண்டிருந்தது, ஆனால் ஒரு சொட்டின் சத்தமும் உள்ளே வரவில்லை. புலவர் மனசுக்குள்ளேயே பக்கத்தை எழுதிக்கொண்டு போனார். தோல் இருக்கையின் வாசனைக்கு அடியில், ஈரத்துணியை நாள்கணக்கில் பூட்டி வைத்ததுபோல இன்னொரு வாசனை இருந்தது. அதை மட்டும் எழுதவில்லை.

முதல் சிக்னலில் நின்றபோது பின்னால் வரும் வண்டியைப் பார்க்க உள் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். அதில் பின்பக்கச் சாலை இல்லை. பக்கத்து இருக்கைக்குப் பின்னால், கால் வைக்கிற பள்ளமும், அங்கே விரித்திருந்த புதுத் தரைவிரிப்பும்தான் தெரிந்தன. கண்ணாடியை மேலே திருப்பிவிட்டார். அடுத்த சிக்னலில் பார்த்தபோது மறுபடியும் அதே பள்ளம்.

இருக்கை நகரும், வெளிக் கண்ணாடிகள் நகரும், அதற்கெல்லாம் மோட்டார் உண்டு. உள் கண்ணாடிக்குக் கிடையாது. இந்த ரக வண்டியில் அது ஒரு குறை என்று அவரே எத்தனையோ பக்கங்களில் எழுதியிருக்கிறார். மூட்டு தளர்ந்திருக்கும் என்று நினைத்துக் கண்ணாடியை அழுத்திப் பார்த்தார். தளரவில்லை. நன்றாக இறுகித்தான் இருந்தது. மறுபடியும் மேலே திருப்பிவிட்டு வண்டியை எடுத்தார்.

பள்ளி வாசலில் இறங்கிக் குடையோடு போய்ப் பாப்பாவைக் கூட்டிவந்து, பின் இருக்கையில் உட்கார வைத்து, பெல்ட்டைத் தானே மாட்டிவிட்டார். ஏழு வயது. வாய் ஓயாது. கடையிலிருந்து எந்த வண்டி வந்தாலும் பின் இருக்கைக்கு மார்க் போடுவது அவள்தான். அவள் சொல்வதைத்தான் புலவர் கொஞ்சம் மெருகேற்றி, "பின்னிருக்கைப் பயணிகளின் வசதி" என்ற தலைப்பில் எழுதுவார். முதலாளிக்கு இது தெரியாது. வாங்கினவர்கள் யாரும் குறை சொன்னதும் இல்லை.

அவர் தன் பக்கக் கதவைத் திறந்ததும் இருக்கை மறுபடி முன்னால் ஓடிவந்தது. மழையில் நின்று அதோடு போராட மனமில்லை. வீட்டுக்குப் பத்து நிமிஷம்தானே என்று அப்படியே ஏறி உட்கார்ந்தார். முழங்கால் இடிக்கும் என்று எதிர்பார்த்தார். இடிக்கவில்லை. முதுகு தானாகவே நெட்டுக்குத்தாக நிமிர்ந்துகொண்டது. அளவெடுத்துத் தைத்த சட்டைபோல அந்த இருக்கை அவருக்குப் பொருந்தியது. அது வசதியாக இருந்ததுதான் அவரைப் பயமுறுத்தியது.

வண்டி கடைத்தெருவைத் தாண்டியது. பின்னாலிருந்து பேச்சே இல்லை. இந்தப் பெண் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தது, காய்ச்சல் வந்த அன்றைக்கு மட்டும்தான்.

"எத்தனை மார்க் பாப்பா?"

"சீட்டுக்கு ஆறு. கீழ பத்து."

"கீழயா?"

"கீழ சூடா இருக்குப்பா. யாரோ இப்பத்தான் படுத்து எழுந்த மாதிரி."

காலை மேலே வைத்துக்கொள், நேராக உட்கார் என்று புலவர் சொன்னார். கொஞ்சம் அதட்டலாகவே சொன்னார். எஞ்சின் பக்கத்து வீட்டில் ஓடுவதுபோல ஓடிக்கொண்டிருந்தது. அந்த அமைதியில், பெல்ட் கழன்ற சத்தம் விரல் சொடுக்கினாற்போலத் தெளிவாகக் கேட்டது.

உள் கண்ணாடியைப் பார்த்தார். அது ஏற்கெனவே கீழே திரும்பியிருந்தது.

பள்ளத்தில் பாப்பா படுத்திருந்தாள். முழங்காலை மடக்கி, இரண்டு ஷூக்களையும் ஒட்டிவைத்துக்கொண்டு, கன்னத்தைப் புதுத் தரைவிரிப்பில் அழுத்தியபடி. புத்தகப்பை மட்டும் இருக்கையில் உட்கார்ந்திருந்தது. அவள் விளையாடவில்லை. இடித்துவிடாமல் யாருக்கோ இடம் விட்டுப் படுப்பதுபோல ஒதுங்கிப் படுத்திருந்தாள்.

எழுந்திரு என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"அப்படியே படு. தலையத் தூக்காத."

மெதுவான குரல். பொறுமையான குரல். பல தடவை சொல்லிப் பழகின குரல். அவர் தொண்டையிலிருந்துதான் வந்தது, ஆனால் அவர் சொல்லவில்லை.

இருக்கை நினைவு, புலவர் மனசுக்குள் அவசரமாக எழுதினார். இரண்டு பேருக்கான இருக்கை நினைவு. சாய்வு, உயரம், தூரம். எழுதிக்கொண்டே இருந்தால் மனசு கையை விட்டுப் போகாது என்று தோன்றியது. ஓரமாக நிறுத்த வேண்டும். இறங்க வேண்டும். பின் கதவைத் திறந்து அவளைத் தூக்கிக்கொண்டு நனைந்தாலும் பரவாயில்லை என்று நடக்க வேண்டும். உள் கண்ணாடியை முதலில் மேலே திருப்ப வேண்டும்.

அதற்காகக் கையைத் தூக்கப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இடது கை ஸ்டீயரிங்கில் இல்லை. முன்பே மேலே போயிருந்தது. கட்டைவிரல் கண்ணாடியின் விளிம்பில் இருந்தது. நிதானமாக, இன்னும் கொஞ்சம் கீழே, இன்னும் கொஞ்சம், அவள் முகம் முழுசாகத் தெரியும்வரை திருப்பிக்கொண்டிருந்தது.

இவ்வளவு நேரமும் திருப்பியது அந்தக் கைதான்.

அவர் கை.

வீட்டுத் தெரு வந்தது. வண்டி வழக்கம்போல வளைந்து திரும்பியது, அவருக்கு உயிர் வந்தது. பிரேக்கில் காலை வைத்தால் போதும். வாசலில் மனைவி குடையோடு நின்றிருந்தாள். புது வண்டியில் வருகிறார்கள் என்று தெரிந்து, கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, கையை உயர்த்திச் சிரித்தாள்.

கால் நகரவில்லை.

என் பெண், என் பெண் என்று உள்ளே அலறினார். எத்தனையோ வண்டிக்குப் பொய் எழுதியிருக்கிறேன், இந்த ஒரு தடவை விட்டுவிடு என்று கெஞ்சினார். யாரிடம் என்று தெரியவில்லை. கால் இன்னும் அழுத்தியது. எஞ்சின் முக்கவில்லை, திணறவில்லை, வழுக்கிக்கொண்டு வேகமெடுத்தது. திறந்த கேட் கடந்தது. குடை கடந்தது. மனைவியின் சிரிப்பு அப்படியே நின்றுபோன முகம் கடந்தது. வெளிக் கண்ணாடியில் அவள் குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். வாய் திறந்திருந்தது. கத்துகிறாள். ஒன்றும் கேட்கவில்லை.

தெரு முடிந்தது. பெரிய சாலை. மழை.

பார்வை சாலையில் நிற்கவில்லை. கண்ணாடிக்குப் போனது. அங்கேயே தங்கிவிட்டது.

பாப்பா கண்ணைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைத்தான். அவளுக்கு அது தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. அந்தச் சரிவில் கண்ணாடி அவர் முகத்தைக் காட்டாது. என்ன பார்க்கிறாள் என்பதை அவள் கண்களில்தான் தேட வேண்டியிருந்தது. தெரிந்தவரைப் பார்க்கிற கண்கள் இல்லை அவை. கூட்டத்தில் கை விட்டுப்போன குழந்தை, பக்கத்தில் நிற்கிற ஆளைப் பார்க்குமே, அப்படிப் பார்த்தாள்.

"எங்கப்பா எங்க?"

மரியாதையாகக் கேட்டாள். அழாமல் கேட்டாள்.

இங்கேதான். இங்கேதான் இருக்கிறேன் கண்ணே. நாக்கு புரளவில்லை.

"வந்துடுவார்," என்றது அந்தப் பொறுமையான குரல். "நீ கண்ண மூடிக்க."

பாப்பா அவரைப் பார்த்தபடியே இரண்டு கைகளையும் மெல்லத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்குப் பின்னாலிருந்து, அவள் கைகளைவிடச் சின்னதாய், ஈரமாய், இன்னும் இரண்டு கைகள் வந்து அவள் கைகளின் மேல் பொத்திக்கொண்டன.