வழி தெரியாதவளுக்குச் சம்பளம்

ஜெசிந்தாவுக்கு வழி தெரியாமல் இருப்பதற்குத்தான் சம்பளம். அதனால்தான் வேலாங்குறிச்சி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கால்கள் யோசிக்காமல் இடப்பக்கம் திரும்பியபோது அவள் திடுக்கிட்டு நின்றாள்.

இந்த ஊருக்கு அவள் வந்ததாக நினைவே இல்லை. நினைவு இருக்கவும் கூடாது. சூரியப் புயலில் செயற்கைக்கோள்கள் கருகி, கைபேசி வரைபடங்கள் எல்லாம் செத்துப்போன பிறகு, ஊர்கள் தாங்களே வழி சொல்லியாக வேண்டிய காலம் வந்திருந்தது. ஓர் அந்நியர் யாரையும் கேட்காமல் நடந்து போய்ச் சேர முடிந்தால் அந்த ஊருக்கு ‘வழிதெரி ஊர்’ என்று சான்று கிடைக்கும். சான்று வாங்கிய ஊரில்தான் அதிவேக ரயில் நிற்கும். மற்ற ஊர்களுக்கு, இன்று அவளை இறக்கிவிட்டுப் போனதே, அந்த நோஞ்சான் பாசஞ்சர்தான்.

அந்நியருக்கு எங்கே போவது? அதற்காகவே அரசாங்கம் வைத்திருந்தவர்கள் புதுக்கண் ஆய்வாளர்கள். ஓர் ஊரை நடந்து முடித்ததும் தலைமையகத்தின் மறப்பறையில் சற்று நேரம் படுத்து எழுந்தால் போதும். அந்த ஊர் மட்டும் மூளையிலிருந்து துடைக்கப்பட்டுவிடும். வீடு, வாசல், வங்கிக் கடன் எல்லாம் பத்திரமாக அப்படியே இருக்கும்.

ஜெசிந்தாவுக்கு இந்த வேலை உயிர். ஒற்றைப் பையோடு தனியாகப் போய் இறங்கி, பெயர் தெரியாத தெருக்களில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்பதில் அவளுக்கு அப்படி ஒரு சுகம். தூத்துக்குடியில் அவளுடைய அக்காமார் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளட்டும்.

ஆனால் மறப்பறை சிலரிடம் சரியாக வேலை செய்வதில்லை. எவ்வளவு துடைத்தாலும் பழைய ஊர் கொஞ்சம் தங்கிவிடும். அப்படித் தங்கிவிட்டது தெரிந்தால் அன்றோடு வேலை காலி. தனக்கும் அதுதான் நடந்துவிட்டதோ என்று ஜெசிந்தா பயந்தாள்.

இன்று அவள் போய்ச் சேர வேண்டிய இடம் பத்திரப்பதிவு அலுவலகம். மணிக்கட்டில் தயக்கமானி கட்டியிருந்தாள். எங்கே நின்றாள், எங்கே முழித்தாள், யாரிடமாவது வழி கேட்டாளா என்பதையெல்லாம் அது குறித்துக்கொள்ளும். குறித்ததை வைத்து மேலிடம் என்ன செய்கிறது என்று ஆய்வாளர்களுக்குச் சொல்வதில்லை. சொன்னால் கண் பழசாகிவிடுமாம்.

பயம் தீர்வதற்காக, ஒரு பூக்கடை அருகே மனசு வலப்பக்கம் என்று சொன்னபோது அவள் வேண்டுமென்றே இடப்பக்கம் போனாள். அந்தச் சந்து நல்ல பிள்ளையாக வளைந்து, அவளைச் சரியான சாலையிலேயே கொண்டுவந்து விட்டது. இதைவிட விசித்திரம், உள்ளூர்க்காரர்கள்தான் நாற்சந்தியில் நின்று இப்படியும் அப்படியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கையில் பையோடு ஓர் அம்மாள் அவளை வழிமறித்தார்.

“ஏனுங் அம்மணி, மார்க்கெட்டுக்கு எப்படிப் போகோணும்?”

“நான் வெளியூரு அக்கா” என்று சொல்லத்தான் ஜெசிந்தா வாயைத் திறந்தாள். ஆனால் வந்தது வேறு. “அந்த நீலக் கட்டடத்தைச் சுத்தி சோத்துக்கைப் பக்கம் போங்க. அங்கதான் இருக்கணும்.”

இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். மார்க்கெட் அங்கேதான் இருந்தது. ஜெசிந்தாவின் முகம் வெளிறிவிட்டது. அந்த அம்மாளோ பாராட்டித் தள்ளிவிட்டார். பெயர் கனிஷ்கா என்றார். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே பொரிந்தார்.

“நான் பொறந்ததும் இந்த ஊரு, கட்டிக்குடுத்ததும் இந்த ஊருங்க. மார்க்கெட்டுக்கு வழி கேக்குறேன், கேவலத்தப் பாருங்க! எவளோ ஒரு ஆய்வாளரு வருவாளாமா. அவ எங்க தப்பாத் திரும்பறாளோ, அங்க தெருவையே இடிச்சு அவ திரும்புன பக்கமாத் திருப்பிப்போடறாங்க. கட்டடம் வார்க்கற எந்திரம் வந்துச்சுன்னா ஒரே வாரந்தானுங்க.”

“ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆள்தானக்கா வருவாங்க?”

“அதே பொம்பளதானாமா. அளவுகோலு மாறக் கூடாதாமா. மறக்கடிச்சு மறக்கடிச்சுக் கூட்டிட்டு வராங்க. மூஞ்சிய யாரு கண்டா?”

ஜெசிந்தாவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். மூளையில் எதுவும் தங்கவில்லை, வேலைக்கு ஆபத்தில்லை. அவள் தலைக்கு அளவெடுத்துத் தைத்த ஊர் இது. வழி தெரியாமல் எப்படி இருக்கும்? அந்த நிம்மதி கத்தரிக்காய் எடை போட்டு முடிவதற்குள் வெட்கமாக மாறியது.

கனிஷ்காவுக்கு வீட்டுக்குத் திரும்பவும் வழி சரியாகத் தெரியவில்லை. பதிவு அலுவலகம் போகும் வழிதான் என்று ஜெசிந்தாவே அழைத்துக்கொண்டு போனாள். ஒரு மஞ்சள் வீட்டு வாசலில் ஒருவர் கதவு நிலையைப் பிடித்தபடி தலையைச் சாய்த்து நின்றிருந்தார்.

“எங்க வீட்டுக்காரருங்க” என்றார் கனிஷ்கா. குரல் தணிந்துவிட்டது. “பொறப்புலயே கண்ணு தெரியாது. ஆனா இந்த ஊரக் காலுலயே படிச்சு வெச்சிருந்தாரு. தனியாப் போவாரு, தனியா வருவாரு. இப்ப வாசப்படி எறங்கறதில்லீங்க. வீடு மட்டுந்தான் அவருக்குத் தெரிஞ்ச எடமா மிச்சமிருக்குது. தேறிட்டா, சான்ற வருசா வருசம் புதுப்பிக்கோணும்னு இடிச்சுக்கிட்டே இருப்பாங்களாமா. இந்தத் தடவ தேறலீன்னா ஊர விட்டுத் தொலச்சிருவாங்கன்னு பேசிக்கிறாங்க. அந்தப் புண்ணியவதி எங்கியாச்சும் வழி தெரியாம நிக்கோணும்னு மாரியாத்தாளுக்கு நேந்திருக்கறேன்.”

அந்தப் புண்ணியவதி நான்தான் என்று சொல்ல ஜெசிந்தாவுக்கு நாக்கு எழவில்லை. கனிஷ்கா உள்ளே போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். அடுத்த வளைவுக்குப் பின்னால்தான் அலுவலகம் இருக்கும், அது சர்வ நிச்சயம். பேசாமல் நடந்தால் ஊருக்குச் சான்று, அவளுக்கு நல்ல பெயர். ஒரே ஒருவரிடம் வழி கேட்டால் ஊர் தோற்கும். அந்த மனிதரின் தெருக்களை இனி யாரும் தொட மாட்டார்கள்.

அந்தப் பக்கமாக வந்த ஒருவரை நிறுத்தினாள். “அண்ணே, பத்திர ஆபீஸ் எங்க இருக்கு?”

“நானும் காலைல இருந்து அதத்தானுங்க தேடறேன்” என்றார் அவர்.

தயக்கமானி விர்ரென்று அதிர்ந்து சிவந்தது. ஜெசிந்தாவுக்கு மனம் நிறைந்துவிட்டது.

தூரத்திலேயே பின்தொடர்ந்து வந்த நகராட்சி அதிகாரி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இறங்கினார். தர்ஷன் என்று சட்டையில் பெயர். அவருக்குக் கோபம் இல்லை. சலிப்புதான் இருந்தது.

“மேடம், போன தடவையும் இப்படித்தானுங்க. எல்லாத் திருப்பமும் சரியாத் திரும்பிட்டு, கடைசியில வந்து ஒருத்தரக் கேட்டுப்போட்டீங்க. அதுக்கு முந்துன தடவையும் அப்படியேதான். சரி, பரவால்ல. எங்க நின்னு கேட்டீங்களோ அந்த எடத்துல ஏதோ கொற இருக்குது. சரி பண்ணிரலாம்.”

“எந்த இடத்துல?”

தர்ஷன் சுற்றிலும் பார்த்தார். கையை நீட்டி மஞ்சள் வீட்டைக் காட்டினார். “இந்த வீடுதானுங்க மறைக்குது. எடுத்துட்டாப் பாதை நேராயிரும். வேற எடத்துல வீடு வார்த்துக் குடுத்துருவோம்.”

“ஐயோ, எனக்கு வழி தெரியும்! வேணும்னுதான் கேட்டேன்!” ஜெசிந்தா அலறினாள்.

“அதையும் போன தடவ சொன்னீங்க மேடம். எங்களுக்கு மானி சொல்றதுதான் கணக்குங்க.” அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போன வேகத்தில் தப்பான தெருவில் திரும்பினார்.

வாசலில் நின்றிருந்தவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். நிலையைப் பிடித்திருந்த கை இறுகியிருந்தது. அவருக்குப் பின்னால் கனிஷ்காவும் அதைக் கேட்டபடி வந்து நின்றிருந்தார். அழுவார், திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று ஜெசிந்தா காத்திருந்தாள். கனிஷ்கா படியிறங்கி அவள் அருகே வந்தார்.

“அடுத்த தடவ வரும்போது எங்க வீடு எங்க இருக்குதுன்னு நீங்கதான் அம்மணி எங்களுக்குக் காட்டோணும்” என்றார்.

நாளை மறப்பறையிலிருந்து எழும்போது இந்த வீடும் இந்த முகமும் தன்னிடம் இருக்காது என்று தெரிந்தும், ஜெசிந்தா சரியென்று தலையாட்டினாள்.