மூன்றாம் சேனலில் ஒரு பிப்

நண்பகலில் மலையுச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். காற்று இல்லை. வெயிலில் காய்ந்த இரும்பு வாசனை. கம்பத்தடியில், தூரத்து ரேடியோப் பேச்சை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் பெட்டி.

"என் நாய் குரைச்சா இதவிடத் தூரம் கேக்கும்" என்றான் பக்கத்துப் பண்ணை கிளைவ். நான் சிரிக்கவில்லை. அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "வியாழக்கிழமை புதுசு வருதுடா. கழட்ட வேற எவனையாவது அனுப்புறேன்னு சொன்னேன்ல?"

"நான்தான் கழட்டணும்."

மழைக்காலத்தில் என் மனைவி டீகன் வண்டியோடு ஓடைக்குள் சிக்கினாள். நாற்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, மூன்றாம் சேனலில், இந்தப் பெட்டி வழியாக என்னைக் கூப்பிட்டாள்.

"தண்ணி கதவுக்கு வந்துடுச்சு. திரும்பவா, தாண்டவா? கேக்குதா?"

பிப்.

யார் பேசி முடித்தாலும் பெட்டி அப்படி ஒரு பிப் போடும்.

"திரும்பி வீட்டுக்கு வா" என்று நான்கு முறை கத்தினேன். என் பேச்சுக்குப் பின்னால் பிப் வரவில்லை. அதைக் கவனிக்கவில்லை. முந்தின நாள் மாடு ஓட்டும்போது, பக்கத்து வண்டியோடு பேச என் வண்டி ரேடியோவின் டுப்ளெக்ஸ் பொத்தானை அணைத்திருந்தேன். அது எரிந்தால்தான் நம் குரல் மலைக்கு ஏறும். அணைந்திருந்தால் மலை பேசுவது நமக்குக் கேட்கும். நாம் பேசுவது ஐந்தாறு கிலோமீட்டரில் செத்துவிடும்.

கடைசிவரை "கேக்குதா?" என்றே கேட்டாள். பிறகு தாண்டினாள். வெள்ளம் அவளை வண்டியோடு கொண்டுபோனது.

அவளுக்கு என் பதில் போய்ச் சேரவே இல்லை. ஏழு மாதமாக எனக்கு நினைப்பு அது ஒன்றுதான்.

வயர்களை வெட்டினேன். பேட்டரியையும் சூரியத் தகட்டையும் வண்டியின் பின்னால் ஏற்றினோம். புழுதி படாமலிருக்கப் பெட்டியைக் கிளைவ் மடியில் வைத்துக்கொண்டான். வண்டி ரேடியோ மூன்றில்தான் இருந்தது. டுப்ளெக்ஸ் விளக்கு எரிந்தது. அன்றிலிருந்து அதை நான் அணைத்ததே இல்லை.

இறக்கத்தில் முதல் வளைவு. ரேடியோ கரகரத்தது.

சேற்றுத் தண்ணீர் வாசனை.

"திரும்பவா, தாண்டவா? கேக்குதா?"

பிப்.

வண்டியை நிறுத்தினேன்.

"டேய்" என்று முணுமுணுத்தான் கிளைவ். "பெட்டியத்தான் கழட்டிட்டோமே..."

அவன் மடியில், அறுந்த வயர்கள் தொங்க, பெட்டியின் பச்சை விளக்கு எரிந்தது.

"மைக்க எடுக்காதடா. அது அவ இல்ல."

மைக்கை எடுத்தேன்.

"திரும்பி வீட்டுக்கு வா."

மைக் பொத்தானை விட்டேன்.

பிப்.

என் பேச்சுக்குப் பின்னால்.

கிளைவ் கதவைத் திறந்து கீழே குதித்தான். பெட்டி இருக்கையில் கவிழ்ந்தது. அதன் அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் மெதுவாக வழிந்து என் பூட்ஸைத் தொட்டது. ஏழு மாதமாக இங்கே ஒரு துளி மழை இல்லை.

"இப்ப கேட்டுச்சு" என்றாள் டீகன். மூச்சு வாங்கியது. "வீட்டுலயே இரு. வந்துட்டே இருக்கேன்."

பிப்.