துடக்கு வாசல்

மார்பு இரண்டும் பால் கட்டிக் கல்லாய்க் கனத்தன. கீழ்வயிற்றுத் தையல் குளிரில் இழுத்தது. வேணுஜா சுவரில் முதுகைச் சாய்த்து, மூடிய கதவைப் பார்த்தபடி நின்றாள்.

பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள். பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்கைக் கழிக்க வேண்டும். ஜெர்மனியின் எசன் நகரில் அவர்கள் இருக்கும் மாடி வீட்டில் ஓமம் வளர்க்க முடியாது. போன தடவை சாம்பிராணிக்கே புகை மணி அலறி, தீயணைப்பு வண்டி வந்து, மேல்மாடிக் கிழவர் இரவு உடுப்போடு தெருவில் நின்றார். அதனால் கணவன் சுரேன் நகரத்துக்கு வெளியே ஒரு பழைய தேவாலயத்தை எடுத்திருந்தான். பூசை நின்றுபோன பிறகு அதைக் கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் வாடகைக்கு விடுகிறார்கள்.

பக்கவாசலில் மாமியார் கமலநாயகி அவளை மறித்தாள். ஐயர் தண்ணீர் தெளிக்கும்வரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, பிள்ளையை மட்டும் வாங்கிக்கொண்டாள். பிள்ளைக்கும் துடக்குத்தானே என்று வேணுஜா கேட்டதற்கு, பச்சை உடம்புக்குக் குளிர் கூடாது என்று பதில் வந்தது. அறுத்துத் தைத்த உடம்புக்கு மட்டும் கூடுமா என்று யாரும் கேட்கவில்லை. சுரேன் சப்பாத்தைக் கழற்றுவதிலேயே குனிந்து கிடந்தான்.

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. தூறல் கூரையில் ஊர்ந்தது. உள்ளே மந்திரம் முணுமுணுத்தது. அதற்கு மேலால் பிள்ளை அழுதது. பசி அழுகை. வேணுஜாவின் சட்டை நனைந்தது.

மெழுகு மணத்தது. பிறகு புளித்த பால் மணம்.

தன்னுடையதுதான் என்று நினைத்தாள்.

கதவின் மறுபக்கத் தூணோடு ஒரு பெண் நின்றாள். இருபது வயது இருக்கும். கறுப்புச் சால்வையைத் தலையோடு போர்த்தி, ஒரு மெழுகுதிரியைப் பிடித்திருந்தாள். அவளுடைய சட்டையும் நெஞ்சில் நனைந்திருந்தது.

“உன்னையும் விடவில்லையா?” என்று ஜெர்மன் மொழியில் கேட்டாள்.

இன்றோடு முடிகிறது, இப்போது கூப்பிடுவார்கள் என்றாள் வேணுஜா.

“எனக்கும் நாள் முடிந்துவிட்டது. கையைப் பிடித்துக் கூட்டிப்போக யாரும் வரவில்லை.” தொண்டை வறண்ட குரல். “நீ போகும்போது என் கையைப் பிடிப்பாயா?”

பஸ்ஸில் இடம் கேட்டவருக்குச் சொல்வதுபோல, பிடிக்கிறேனே என்று வேணுஜா சொல்லிவிட்டாள்.

அந்நேரம் மண்டபத்துச் சாவியை வைத்திருக்கும் லிசா வந்தாள். எழுபதை நெருங்கியவள். வாடகைத் தாளில் உள்ளே வரக்கூடாது என்று எழுதியிருப்பது நாய்க்குத்தான், தாய்க்கு இல்லை என்று திட்டியபடி, நடுங்கிக்கொண்டிருந்த வேணுஜாவைத் தன் காருக்குள் இழுத்துப்போய்ச் சூட்டைப் போட்டாள். அங்கே இன்னொருத்தியும் நிற்கிறாள் என்றாள் வேணுஜா. லிசா திரும்பிப் பார்த்தாள்.

வாசலில் யாரும் இல்லை.

லிசா கண்ணாடித் துடைப்பானை நிறுத்தினாள். பிறகு சொன்னாள். தன்னைப் பெற்ற பிறகு தன்னுடைய தாயும் அந்த வாசலில்தான் மெழுகுதிரியோடு நின்றாளாம். பாதிரியார் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போகும்வரை பெற்றவள் உள்ளே போகக்கூடாது. கல்யாணம் ஆகாமல் பெற்றவளுக்கு அந்தக் கையும் கிடையாது. அப்படி ஒருத்தியின் பிள்ளையைப் பிடுங்கி மடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அவள் ஞாயிறு தவறாமல் வந்து நின்றாள். ஒரு ஜனவரியில் அங்கேயே விறைத்துக் கிடந்தாள்.

“மெழுகுதிரி வைத்திருந்தாளா?” என்று லிசா கேட்டாள்.

வேணுஜா காரிலிருந்து இறங்கினாள்.

கதவு திறந்திருந்தது. ஐயர் மாவிலையால் தண்ணீர் தெளித்தார். வேணுஜா தூணின் பக்கம் பார்க்காமல் உள்ளே காலை வைத்து, பிள்ளையைப் பறித்து மார்போடு சேர்த்தாள்.

பிள்ளை வாய் வைக்கவில்லை. வயிறு நிறைந்திருந்தது. கடைவாயில் பால்.

“பசி ஆறிப்போச்செல்லே,” என்றாள் மாமி. “நீதானே வாசலிலை நிண்டு பிள்ளையை வாங்கிப் பால் குடுத்தனி.”

“நான் லிசாவின்ரை காருக்கை இருந்தனான், மாமி.”

“விசர்க்கதை கதையாதை. கறுப்புச் சால்வையாலை தலையை மூடிக்கொண்டு நிண்டாய். உள்ளுக்கை காலை வைச்சிடாதை எண்டன். தலையாட்டினாய்.”

வேணுஜா போட்டிருந்தது மஞ்சள் ஜாக்கெட்.

மாமி அதை இப்போதுதான் கவனித்தாள்.

பிள்ளையைச் சுற்றிய துணியில் ஒரு சொட்டு மெழுகு உறைந்திருந்தது.

வெளி இருட்டிலிருந்து ஒரு கை கதவு நிலையருகே நீண்டது. படியைத் தாண்டவில்லை. உள்ளங்கை மேலே பார்க்க, காத்திருந்தது.

வேணுஜா தன் கையை நீட்டினாள். பாதியில் மாமி மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வேண்டாம் பிள்ளை. துடக்கு.”

சுரேன் கதவைச் சாத்தினான். மாமியின் பிடி அவ்வளவு இறுக்கம் இல்லை. உதறியிருக்கலாம். வேணுஜா உதறவில்லை.

இப்போது எசனில், பொழுதுபடும் நேரமெல்லாம் பிள்ளை வாசல் கதவுப் பக்கம் தலையைத் திருப்பி வாயைச் சப்புகிறது. கதவைத் திறந்தால் கால்மிதி நனைந்திருக்கிறது. தொட்டால் வெதுவெதுப்பு, புளித்த பால் மணம். மாமி மழை என்று சொல்லித் துடைக்கிறாள். இரண்டாம் மாடி நடையில் மழை பெய்யாது.

பிள்ளை அந்த வாசல்காரியிடம் ஒரு வேளைப் பால் குடித்தாயிற்று. அவள் கேட்டது ஒரு கை. கொடுப்பதாகச் சொன்ன அந்தக் கையை வேணுஜா இன்னும் கொடுக்கவில்லை.