மீனும் கையும் சேர்ந்த எழுத்து

"சுவான்," என்றது பெயர்பகர் எந்திரம். "பொருள்: வற்றிய கிணறு."

கதவோரக் கண்ணாடித் திரை முன் நின்ற சீனப் பெண் தலையசைத்து மறுத்தாள். தன் பெயராக அவள் விரலால் எழுதியது ஒரே எழுத்து: மேலே கை, கீழே மீன். எந்த அகராதியிலும் இல்லாதது. "ஙா," என்றாள்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கடவுச்சீட்டு ஒழிந்து வருடங்களாகின்றன. பெயரை எழுத வேண்டும். பெயர்பகர் படித்துக் காட்டும். அது சொன்னபடியே திருப்பிச் சொன்னால் கதவு திறக்கும். கதவுக்கு அப்பால் மருத்துவமனையில், கப்பலில் அடிபட்ட அவள் கணவன் கிடந்தான்.

வாயில் பொறியாளர் குப்பம்மாளுக்கு அவசரம். "அது சொல்றபடி ஒருதடவ சொல்லிட்டுப் போங்களேன். என்ன கொறஞ்சிடப் போகுது?"

சீனப் பெண்ணின் பதிலைக் குப்பம்மாள் காதில் மாட்டியிருந்த காதுமொழிவி தமிழில் தந்தது. "அவர் அங்கே ஙாவைத்தான் கேட்கிறார். சுவானை யார் அருகில் விடுவார்கள்? எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் செத்தன. வலையில் சிக்கியும் கடலில் திருப்பி விடப்படும் குஞ்சுதான் எங்கள் ஊரில் ஙா. சாவு என்னை அப்படி விட்டுவிட வேண்டுமென்று அம்மா வைத்த பெயர்."

குப்பம்மாளுக்குச் சுரீரென்றது. அவளுக்கு மூத்தவையும் தங்கவில்லை. எமன் திரும்பிப் பார்க்கக் கூடாதென்று குப்பையில் புரட்டியெடுத்து வைத்த பெயர் அவளுடையது. கல்லூரியே சிரித்தபோதும் மாற்றவில்லை.

"சார், இது புளுகுது!" மேற்பார்வையாளர் பாவாடைராயனிடம் சீறினாள். "'தெரியாது'ங்கற பதிலயே இதுலேருந்து புடுங்கிட்டீங்க. தெரியலன்னா இட்டுக்கட்டுது."

"உலகத்து எழுத்தெல்லாம் படிச்ச மெஷினும்மா. நீ நேத்துப் படிச்சவ."

"ஆமா சார், எங்க வீட்ல நாந்தான் மொதல்ல படிச்சவ. ஆனா தெரியாதத தெரியாதுன்னு சொல்ல எங்களுக்கு வெக்கமில்ல."

கண்ணாடியில் விரலை வைத்துக் கண்டபடி கிறுக்கினாள். எந்த மொழியிலும் சேராத கோழிக்கிறுக்கல்.

"தொரு," என்றது உடனே. "பொருள்: நற்செய்தி கொணர்பவள்."

"பாத்தீங்களா!"

திரையின் அடியில் பச்சை எழுத்துகள் ஓடின: ஊழியர் கைரேகை பொருந்தியது. பெயர் புதுப்பிக்கப்பட்டது.

மாலையில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகக் குப்பம்மாள் கதவருகே வந்தாள். "வணக்கம், தொரு. பெயரைச் சொல்லவும்," என்றது பெயர்பகர்.

"குப்பம்மாள்."

"தவறு."

பின்னால் பாவாடைராயன் சிரித்தார். "குப்பைக்கு இது எவ்வளவோ தேவல. ஒருதடவ சொல்லிட்டுப் போயேன். என்ன கொறஞ்சிடப் போகுது?"

காலையில் தான் சொன்ன அதே சொற்கள் அவள் முகத்தில் அறைந்தன. சுவரோர பெஞ்சில் சீனப் பெண் இன்னும் உட்கார்ந்திருந்தாள். குப்பம்மாள் அவளைக் கைப்பிடித்து எழுப்பி வந்து கண்ணாடி முன் நிறுத்தினாள். கண்ணாடி அதிர ஓங்கி அறைந்தாள்.

"குப்பம்மாள்!"

"ஙா!"

"தவறு," என்றது பெயர்பகர், இருவருக்கும் ஒரே குரலில்.