சிநேகாவின் சுருக்கு

செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால், கூரை பாதி விழுந்த பழைய கிடங்கு ஒன்று இருக்கிறது. சிமெண்டு மூட்டை இறக்கிவிட்டு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கினேன். சாயங்காலம்தான், ஆனாலும் உள்ளே இருட்டு. ஈரச் சாக்கு நாற்றம். எங்கேயோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஓரத்தில் பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். ரயில் பெட்டியைக் கூட்டிவிட்டுக் கை நீட்டுகிற பிள்ளைகள். ஒரே சேலைக்கரையில் சுருக்குச் சுருக்காகப் போட்டு, காலோடு கால் கட்டியிருந்தது. எவனாவது ஒருத்தரை இழுத்தால் எல்லாரும் முழித்துக்கொள்வார்களாம். அப்படித்தான் பிழைத்துக் கிடக்கிறார்கள். நான் சிரித்தேன். பெரியவள் அம்சா, உன் காலையும் சேர்த்துக் கட்டட்டுமா என்று கேலி பேசினாள்.

கடைசிச் சுருக்கில் கால் இல்லை.

“அது சிநேகாவுது. போன மழைல, கால் உறுத்துதுனு அவுத்துட்டு படுத்தா. காலைல ஏரில கெடந்தா. இப்ப அவதான் எங்கள பாத்துக்கினு கீறா,” என்றாள் அம்சா.

அந்தச் சுருக்குக்குப் பக்கத்தில் இருந்த சின்னவன் கலையரசன் வெடவெடவென்று நடுங்கினான். தொட்டால் சுட்டது. மாத்திரை வாங்கிக் கொடுத்தும் காய்ச்சல் நிற்கவில்லையாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறேன் என்றேன். நனைந்த முடிச்சு அவிழவில்லை. அவனுக்கும் அம்சாவுக்கும் நடுவில் சேலைக்கரையைக் கத்தியால் அறுத்தேன். காலிச் சுருக்கும் அவனோடு வந்துவிட்டது.

அம்சா மெதுவாகச் சொன்னாள்.

“அண்ணாத்த, அவளையும் சேத்து தூக்கினு போற.”

நான் காதில் வாங்கவில்லை.

பையன் வெறும் சாக்கு கனம்தான். மேம்பாலம் ஏறும்போது கனத்தது. மூட்டை தூக்குகிற தோளுக்கு எடை தெரியும்.

அது ஒரு பிள்ளையின் கனம் இல்லை.

முதுகுப் பக்கம் ஏரித் தண்ணீர் வாசம் அடித்தது.

திரும்பிப் பார்க்கவில்லை.

வார்டில், காலில் கட்டியிருக்கிற அழுக்குத் துணியைக் கழற்றுங்கள் என்றார் நர்சம்மா. அவிழாத முடிச்சு இப்போது தானாக நழுவியது. குப்பைத் தொட்டியில் போட்டேன். பையன் கண்ணைத் திறந்தான்.

“கட்டிவுடு.”

கட்ட ஒன்றுமில்லை. அவன் காலைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் அது குளிர்ந்துகொண்டே போனது. விடிவதற்குள் போய்விட்டான்.

அன்று சாயங்காலம், எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கிடங்கு வாசலில் நின்றேன்.

“தெரியும். குந்து,” என்றாள் அம்சா.

அவள் காலிலிருந்து சேலைக்கரை நீண்டது. நான் அறுத்த இடத்தில் புது முடிச்சு. அதற்கு அப்புறம், நான் குப்பையில் போட்ட துண்டு. ஈரமாக.

யார் கொண்டுவந்தது என்று கேட்டேன்.

“அவங்களே வந்துட்டாங்க.”

கடைசியில் இரண்டு சுருக்குகளும் தரையில் படியாமல் உருண்டையாக நின்றன. கலையரசனுடையதில் விரல் விட்டுப் பார்த்தேன்.

நுழையவில்லை.

சுட்டது. காய்ச்சல் இன்னும் விடவில்லை.