வெடிக்க முடியாத பைப்

தொலைபேசி அலறியது.

அரியலூர் காவல் நிலையம். இன்ஸ்பெக்டர் வெள்ளைச்சாமி எடுத்தார்.

டி.எஸ்.பி.

"அந்தப் பைப் கம்பெனி கேஸை இன்னும் ஏன்யா கட்டிக்கிட்டு அழுவுற? இரும்பு சொத்தைன்னு திருச்சி லேப்ல சொல்லியாச்சு. வெடிச்சுது, ஆள் செத்தான். விபத்து. சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடு."

"சார், செத்தவரோட சம்சாரம் என்ன சொல்லுதுன்னா..."

டி.எஸ்.பி. போனை வைத்துவிட்டார்.

வெள்ளைச்சாமி ரிசீவரை முறைத்தார். அதை முறைத்து என்ன ஆகப்போகிறது?

செத்தவன் தமிழரசன். திருமானூர்க்காரன். பைப் வாங்கும் எரிவாயு கம்பெனி அனுப்பிய தரப் பரிசோதகன். பெரம்பலூர் சாலைத் தொழிற்சாலையில், தண்ணீர் நிரப்பிப் பம்பால் அழுத்தம் ஏற்றிய பைப் வெடித்து, அவன் நெஞ்சைப் பிளந்துவிட்டது.

மனைவி கமலவேணி அன்றிலிருந்து ஒன்றையேதான் சொல்கிறாள்.

"பிரஷர் ஏத்தயில அவரு கிட்டயே போவ மாட்டாருங்க. யாரோ கூப்புட்டுருக்காங்க."

கூப்பிட்டவன் யார் என்பதும் தெரியும். திருமுருகன். தொழிற்சாலையின் உலோகப் பொறியாளர். பம்பை ஓட்டியவனும் அவனே.

"வெல்டு கசியற மாதிரி இருந்துச்சு, பாக்கச் சொன்னேன். வழக்கமான நூத்தம்பது கிலோ பிரஷர்தான். அதோட நிறுத்திட்டேன்" என்கிறான்.

அழுத்தம் காட்டும் கேஜ் சிதறிவிட்டது. பார்த்தவர் எவருமில்லை. இரும்பே சொத்தை என்றால் கொலை ஏது?

எரிச்சல் மண்டியது. ஜீப்பை எடுக்கச் சொன்னார். திருமுருகனிடம் ஒரு கையெழுத்து வாங்கினால் முடிந்தது.

வழியெங்கும் சிமென்ட் லாரிகள்.

"இன்னும் ரெண்டு லாரி பின்னாடி போனோம்னா நாமளே செலையாயிடுவோங்கய்யா" என்றார் ஏட்டு அய்யாக்கண்ணு.

வெள்ளைச்சாமி சிரிக்கவில்லை.

திருமுருகன் ஆய்வறையில் இருந்தான். வெள்ளைச்சாமி தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"கேஸ் முடிஞ்சுதுங்க. சொத்தை பைப்பைக் கவனிக்காம பாஸ் பண்ணிட்டீங்க. அலட்சியம். இன்னிக்கே ஜாமீன் கெடைக்கும். கையெழுத்துப் போட்டுட்டு வூட்டுக்குப் போங்க."

திருமுருகன் பேனாவைத் தொடவில்லை.

"எது சொத்தை?"

"பைப்தான். ஒரு துண்டை வெட்டி, தட்டி நிமித்தி, இழுத்துப் பாத்தாங்களாம். நூத்தம்பதுக்கே தாங்காதாம்."

"தட்டி நிமித்தி..." பல்லைக் கடித்தான். "தமிழரசனும் இதையேதான் சார் செஞ்சான். வளைச்ச இரும்பைத் திருப்பி நிமித்தினா பலம் கொறைஞ்சுதான் காட்டும். எத்தனையோ தடவை சொன்னேன். மண்டையில ஏறல. என் பைப் பூராவையும் கழிச்சுக் கட்டிட்டான்."

"எங்களுக்கும் ஏறலைங்க" என்றார் ஏட்டு.

திருமுருகன் வெள்ளைச்சாமியின் தோளைப் பிடித்து மைக்ராஸ்கோப்பில் குனிய வைத்தான்.

"என்ன தெரியுது?"

"வைக்கோலை எறைச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

"அதான் சார் எங்க இரும்பு. சாதா இரும்புல வெள்ளையும் கறுப்பும் பட்டை பட்டையா ஓடும். இது ஊசி ஊசியா பின்னிக்கிட்டு கெடக்கு. தகடை உருட்டிப் பைப்பாக்கயில முறுக்கேறும். உள்ளேருந்து தண்ணி தள்ளயில இன்னும் ஏறும். நிமித்தாம, வட்டமாவே விரிச்சுப் பாக்கணும்."

"அதெல்லாம் எதுக்குங்க? கையெழுத்து..."

"போட மாட்டேன். வாங்க."

வெடித்த பைப்பின் சேதமில்லாத முனையிலிருந்து ஒரு வளையம் வெட்டி வைத்திருந்தான். இயந்திரத்தில் பூட்டினான். உள்ளே தண்ணீர் அழுத்தம் ஏறியது.

நூற்றைம்பது. அசையவில்லை.

இருநூறு. இலேசாகப் புடைத்தது. கிழியவில்லை.

"பாத்தீங்களா? எரநூறைத் தாண்டினாத்தான் சார் என் பைப் வெடிக்கும்!"

வெள்ளைச்சாமியின் எரிச்சல் அந்த நொடியில் வடிந்துபோனது.

"நிச்சயமா?"

"எந்தக் கோர்ட்ல வேணா வந்து சொல்றேன்."

"அப்ப அன்னிக்கு எரநூறைத் தாண்டியிருக்கு."

வெள்ளைச்சாமி ஓடிக்கொண்டிருந்த பம்பைக் காட்டினார்.

"பம்புல இருந்தது நீங்க. அவரை பைப்புக்கிட்ட கூப்பிட்டதும் நீங்க."

திருமுருகன் கை நீட்டிப் பம்பை நிறுத்தினான். வளையத்தையே பார்த்தான். மறுக்கலாம். மறுக்கவில்லை.

"இந்த இரும்புக்காக ராப்பகலா ஒழைச்சேன் சார். குப்பைன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான்."

"ஒரு கையெழுத்துல போயிருப்பீங்களே..."

"கொலைன்னே எழுதுங்க. பைப் சொத்தைன்னு மட்டும் எழுதிடாதீங்க."

வெள்ளைச்சாமி திரும்பினார்.

"ஏட்டு, எழுதிக்குங்க. பைப் நிரபராதி. அதை விட்டுட்டு, சாரை மட்டும் ஜீப்புல ஏத்துங்க."